இருபத்தேழாம் கிலோமீட்டர்

கணினிப் பெட்டியைப் பின்னிருக்கையில் நிமிர்த்தி வைத்து
பெல்ட் மாட்டினேன்.
"முதலில் உனக்கு மாட்டு" என்றான் ஃபாப்ரிஸ் பூங்காவனம்.
கார் அவனுடையது, கவலையும்.

எனக்கு வேலை லெ போர் துறைமுகத்தில்,
குளிர்ப்பெட்டகங்களின் நாடி பார்ப்பது.
மைனஸ் பதினெட்டில் மீன், மைனஸ் இருபதில் கோழி.
ஒரு டிகிரி ஏறினால் என் கைப்பேசி அலறும்.
ஊரார் சரக்கையெல்லாம் உறைய வைத்துவிட்டு
வீடு வந்தால்
என்னுடைய ஒரே ஒரு சில்லு
தொண்ணூற்றெட்டில் கொதிக்கிறது.

எங்கள் பக்கம் ஜூலைக்கும் வியர்க்கும்.
விசிறி இரண்டு போட்டேன், மூன்றாவது போட்டேன்,
நீர் சுற்றும் ரேடியேட்டர் வாங்கினேன்,
சன்னலில் ஐஸ்கட்டிச் சட்டிகூட வைத்துப் பார்த்தேன்.
ஐம்பத்திரண்டாம் பெருக்கலுக்கு மேல்
ஒரு படி ஏறவில்லை அது.
சூடு மீறினால் தானே நடையைத் தளர்த்திக்கொள்ளும்,
மதிய ஷிப்டில் நான் செய்வதைப்போல.

காற்றைத்தான் மாற்ற வேண்டும் என்றேன்.
"எந்தக் காற்றை?"
மலைமேல் ஒன்று சும்மா கிடக்கிறதே.

தம்போன் தாண்டினால் ஊர்களுக்குப் பெயர் தீர்ந்துபோகிறது.
பதினான்கு. பதினேழு. பத்தொன்பது.
நானும் அப்படித்தான் ஏற்றுவேன், ஒவ்வொரு எண்ணாக,
விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து.
இருபத்துமூன்றில் கண்ணாடி மங்கியது.
இருபத்தேழில் வலப்பக்கம் போனால் எரிமலை.
"குளிர் தேடி இந்தச் சாலைக்கு வந்த
முதல் கிறுக்குகள் நாம்தான்" என்றான்.

ஓவாரோவின் மாட்டுக்கொட்டில்.
மின்சாரத்துக்குப் பத்து யூரோ, கையில் வாங்கிக்கொண்டுதான்
பிளக்கைக் காட்டினார்.
பால்தொட்டி ஓரத்தில் படுத்திருந்தது, நான்கு டிகிரியில்.
வெளியே இரண்டு.

பழைய பசையைச் சாராயத்தில் துடைத்தேன்.
நடுவில் ஒரு வெந்தயம் அளவு புதுப்பசை.
தட்டை அழுத்தி, குறுக்குக்குறுக்காகத் திருகும்போது
விரல் மரத்து
ஒரு திருகாணி வைக்கோலுக்குள் போய்விட்டது.
பன்னிரண்டு மாடுகள் வேடிக்கை பார்க்க
மண்டியிட்டுத் தேடினான் ஃபாப்ரிஸ்,
சாணத்துக்கும் சத்தியத்துக்கும் நடுவே ஏதோ முணுமுணுத்தபடி.

ஐம்பத்து நான்கு. நின்றது.
ஐம்பத்தைந்து. நீலத்திரை.
மின்னழுத்தத்தில் இன்னும் ஒரு சிட்டிகை.
ஐம்பத்தைந்து. நின்றது, எழுபத்தொரு டிகிரியில்.
ஐம்பத்தாறு.
மணி மூன்றரை. என் மூச்சு எனக்கே புகையாகத் தெரிந்தது.
ஐம்பத்தேழு.

ஆறு நிமிடம்.
அந்த ஆறு நிமிடமும் நான் திரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை,
பெட்டியின் முதுகில் உள்ளங்கை விரித்துக்
குளிர்காய்ந்துகொண்டிருந்தவனை உட்பட.

பிறகு பால்தொட்டியின் கம்ப்ரசர் ஒரு குலுக்கலோடு எழுந்தது.
பல்பு மங்கியது.
என் திரை கறுத்தது.

தொடங்கும்போது அது எவ்வளவு இழுக்கும் என்று
அந்தக் கொட்டிலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.
அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.
ஒரே லைனில் மாட்டியவளும் நான்தான்.

கறக்க வந்த ஓவாரோ கேட்டார்:
"இவ்வளவு வேகத்தில் அது என்னதான் செய்தது?"
"கணக்கு."
"யாருக்கு?"
ஃபாப்ரிஸ் இன்னும் கையை எடுக்கவில்லை.
பெட்டி அணைந்தும் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்தது போல.

இறங்கும்போது எண்கள் தலைகீழாக வந்தன.
பதினான்கில் கைப்பேசிக்கு உயிர் வந்து அலறியது:
நாற்பத்தோராம் பெட்டகம், ஒரு டிகிரி.
கடலோரம் வந்ததும் அவன் பின்கதவைத் திறக்கப் போனான்.
வேண்டாம் என்றேன்.
சில்லிட்ட உலோகத்தில் நம் ஊர்க் காற்று பட்டால்
உள்ளுக்குள் வியர்த்துவிடும்.
இரண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும்,
பெல்ட்டோடு.